பதிவர் மாநாடு: மேடைக்கு 2 ஸ்டார், மூலையில இருந்த மேஜைக்கு 5

சனி ஞாயிறு ரெண்டு நாள் பதிவர் மாநாடு, அதாவது வலைப்பூ (ப்ளாக்) எழுதறவங்க கூடற கூட்டம், போயிட்டு வந்து மூணு வாரம் ஆச்சு. சூட்டோட எழுதினா திட்டி மட்டும் தான் எழுதுவேன்னு தெரிஞ்சதால கொஞ்சம் ஆறப்போட்டேன். மாநாட்டு பேரு வேணாம், நடத்துனவங்க எல்லாரும் பத்து பைசா வாங்காம லீவு போட்டு ஓடியாடி வேலை பாத்தவங்க, அவங்கள இழுத்து சந்தியில நிறுத்துறது என் நோக்கம் இல்ல. ஆனா இந்த மாதிரி ஒண்ணுக்கு போலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்க இருப்பீங்கல்ல, உங்களுக்காக தான் இது.

நான் ஏன் போனேன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா நான் எதுக்கு எத திட்டுறேன்னு புரியாது. ஒம்பது வருஷமா செடி கொடி வளக்கறத பத்தி எழுதிட்டு இருக்கேன். பெரிய கூட்டம்லாம் கிடையாது, ஒரு பதிவுக்கு ஏழெட்டு பின்னூட்டம் வரும், அதுல மூணு நானே போட்ட பதில். அந்த ஏழெட்டும் போன வருஷம் சட்டுன்னு நின்னு போச்சு. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிருந்தா கூட மனசு ஏத்துக்கும், இது குழாய மூடுன மாதிரி. சரி, ஜனங்க எல்லாம் வீடியோ பக்கம் போயாச்சு, எழுத்த யாரு படிக்கறா, நாமளும் கடைய சாத்திடலாம்னு முடிவு பண்ணி, சாத்துறதுக்கு முன்னாடி கூட எழுதுனவங்கள ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவோம்னு தான் டிக்கெட் போட்டேன். அதனால நான் உள்ள நுழைஞ்சதே துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி.

வாசல்ல ரெஜிஸ்ட்ரேஷன். க்யூஆர் கோட காட்டுனா கழுத்துல மாட்டுற பேட்ஜ் தர்றாங்க. வரிசை வேகமா தான் நகந்துச்சு, அதுல குறையில்ல. குறை பேட்ஜ்ல. ஸ்பான்சர் லோகோ உள்ளங்கை அளவு, என் பேரு எறும்பு அளவு, வலைப்பூ பேரு இல்லவே இல்ல. ஏங்க, பதிவர் மாநாட்டுல எவன எவனுக்கு சொந்தப் பேருல தெரியும்? எட்டு வருஷமா பின்னூட்டத்துல சண்டை போட்ட ஆள் எதிர்ல நின்னு கை குடுத்துட்டு போறாரு, ரெண்டு பேருக்கும் தெரியல, சாப்பாட்டு வரிசையில தான் "அட நீங்க தானா அது"ன்னு வெளிய வந்துச்சு. மத்தியானத்துக்குள்ள எல்லாரும் மார்க்கர் கடன் வாங்கி பேட்ஜ்ல அவங்கவங்க வலைப்பூ பேர கிறுக்கிக்கிட்டாங்க. அதுவும் ஒரு பக்கம் தான் அச்சு, மறுபக்கம் வெள்ளை, கழுத்துல தொங்குனா எந்த பக்கம் திரும்பும்னு சொல்லவே வேணாம்.

இத விட மோசம் ஒண்ணு நடந்துச்சு. எனக்கு முன்னாடி நின்னவங்க புனைபெயர்ல எழுதறவங்க, வீட்டுக்கே தெரியாதாம். டிக்கெட் போடும்போது நிஜப்பேர் கட்டாயம்னு கேட்டிருக்காங்க, இவங்களும் குடுத்திருக்காங்க. மேஜையில இருந்த பையன் லிஸ்ட்ட பாத்து அந்தப் பேர உரக்க வாசிக்கிறான், பின்னாடி நாங்க முப்பது பேரு. பையன் மேல தப்பு இல்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஆனா ஃபோட்டோ வேணாம்னா சிவப்பு பட்டை, பரவாயில்லன்னா பச்சை பட்டைன்னு கழுத்துப் பட்டையில கலர் பிரிச்சு குடுக்கற அளவுக்கு யோசிச்சவங்க, பேர் விஷயத்த யோசிக்காம விட்டுட்டாங்களேன்னு தான். (அந்த பட்டை ஏற்பாடு அருமை. கேமராக்காரரு சிவப்ப பாத்தா நிஜமாவே லென்ஸ இறக்கிட்டு நகந்துட்டாரு.)

மெயின் ஹால் பத்தி சீக்கிரம் முடிச்சிடறேன். முன்னூறு பேரு உக்காரலாம், ப்ளக் பாயின்ட் சுவரோரமா அஞ்சு, அத சுத்தி பத்து மணிக்கே குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. வைஃபை முதல் டீ பிரேக்குக்கு முன்னாடியே படுத்துருச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல லைவ் போட்டா எது தாங்கும். மேடையில காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே பாட்டு தான்: கூகுள்ல எப்படி முதல்ல வர்றது, பதிவ வச்சு எப்படி சம்பாதிக்கறது, பிராண்ட் ஆகறது எப்படி. ஒருத்தர் "கன்டென்ட் தான் ராஜா, இது என் தாரக மந்திரம்"னு மூணு தடவை சொன்னாரு. அது 1996ல பில் கேட்ஸ் எழுதுன கட்டுரையோட தலைப்பு சார், கொஞ்சம் பழைய மந்திரம். ஸ்லைட்ல என்ன எழுதியிருக்கோ அதையே திரும்பி நின்னு வாசிச்சாரு, எங்களுக்கும் படிக்கத் தெரியும், நாங்க அதத் தான தொழிலா வச்சிருக்கோம். அப்புறம் கேள்வி நேரம். "எனக்கு கேள்வி இல்ல, ஒரு கருத்து"ன்னு ஒருத்தர் மைக்க வாங்கினாரு. அவ்வளவு தான், அவரு பேசி முடிச்சப்போ அடுத்த செஷன் ஆளு மேடைக்கு பக்கத்துல லேப்டாப்போட நின்னுட்டு இருந்தாரு.

வெறுத்துப் போயி வெளிய வந்து மாடியில ஒரு சின்ன ரூம்ல நுழைஞ்சேன். இருபத்தஞ்சு பேரு இருந்திருப்போம். ஒரு அம்மா, வலைப்பூ வந்த கதைய சொல்லிட்டு இருந்தாங்க. ஸ்லைடு இல்ல, கையில ஒரு துண்டு சீட்டு மட்டும். 1997ல ஜோர்ன் பார்கர் 'வெப்லாக்'னு பேரு வச்சது, 1999ல பீட்டர் மெர்ஹோல்ஸ் அத விளையாட்டா 'வீ ப்ளாக்'னு உடைச்சு எழுதப்போயி 'ப்ளாக்'னே நிலைச்சது, அதே வருஷம் பைரா லேப்ஸ்னு ஒரு குட்டிக் கம்பெனி ப்ளாகர்ங்கற வலைப்பூ தளத்த கொண்டு வந்தது, 2003ல கூகுள் அத வாங்கினது. அதே 2003 மே மாசம் தான் வேர்ட்பிரஸும் (வலைப்பூ நடத்தற மென்பொருள், என் தளமும் அதுல தான் ஓடுது) வந்துச்சாம், பி2ன்னு ஒரு மென்பொருள எழுதுனவரு பாதியில விட்டுட்டு காணாம போக, அத பயன்படுத்திட்டு இருந்த மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் சேந்து அத எடுத்து வளத்தாங்க. யாரோ கைவிட்ட செடிய பக்கத்து வீட்டுக்காரன் தண்ணி ஊத்தி காப்பாத்துன மாதிரின்னு எனக்கு தோணுச்சு, என் புத்தி அப்படித் தான் போகும்.

அங்கருந்து அவங்க ஆர்எஸ்எஸ் பக்கம் வந்தாங்க. தெரியாதவங்களுக்கு: நம்ம தளத்துல புதுசா ஒரு பதிவு போட்டா அது ஒரு தனி ஃபைல்ல தானா ஏறிடும், அத ஃபீட்னு சொல்வாங்க, அத எழுதற முறைக்குப் பேரு தான் ஆர்எஸ்எஸ். திரட்டியோ (பல வலைப்பூவ ஒரே இடத்துல காட்டற தளம்) ரீடர் ஆப்போ அந்த ஃபைல அப்பப்போ வந்து எட்டிப் பாத்து, புதுசு இருந்தா வாசகர்கிட்ட கொண்டு போயி குடுக்கும். 2013 ஜூலை 1ஆம் தேதி கூகுள் ரீடர மூடினாங்கன்னு அந்த அம்மா சொன்னப்போ ரூம்ல பாதி பேரு உச்சுக்கொட்டினோம், பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த வயித்தெரிச்சல் போகல பாருங்க. ரீடர் தான் செத்துச்சு, ஃபீடு சாகல, இன்னிக்கும் பாட்காஸ்ட் எல்லாம் அது மேல தான் ஓடுதுன்னு சொல்லிட்டு போற போக்குல ஒண்ணு கேட்டாங்க: "சரி, இங்க எத்தனை பேரு கடைசி ஒரு வருஷத்துல உங்க ஃபீட நீங்களே திறந்து பாத்திருக்கீங்க?"

ரெண்டு கை தான் தூக்குச்சு. நான் சும்மா இருக்காம ஃபோன எடுத்து என் தள முகவரிக்கு பின்னாடி ஃபீட்னு அடிச்சு பாத்தேன். பதிவு எதுவும் வரல. ரோஸ் கலர் பெட்டிக்குள்ள ஒரு எரர். எக்ஸ்எம்எல் அறிவிப்பு ஃபைலோட தொடக்கத்துல இல்லன்னு ஏதோ சொல்லுது (எக்ஸ்எம்எல்ங்கறது ஃபீட் ஃபைல எழுதற மொழி, அறிவிப்புங்கறது அதோட முதல் வரி). வைஃபை கோளாறுன்னு நினைச்சு சொந்த டேட்டாவுல போட்டு பாத்தேன், அதே பெட்டி. பக்கத்துல இருந்தவரு எட்டிப் பாத்துட்டு "கீழ உதவி மேஜை இருக்கு, போங்க"ன்னாரு.

இந்த உதவி மேஜைய கண்டுபிடிக்கறதுக்கு எனக்கு இருபது நிமிஷம் ஆச்சுங்க. போர்டு இல்ல, அம்புக்குறி இல்ல, நிகழ்ச்சி நிரல்ல ஒரு வரி இல்ல. கேட்ட வாலண்டியர் மூணு பேருல ஒருத்தர் பார்க்கிங்க காட்டுனாரு, ஒருத்தர் கழிப்பறைய காட்டுனாரு. கடைசியில ரெண்டுக்கும் நடுவுல, டி-ஷர்ட் அட்டைப்பெட்டி அடுக்கி வச்ச இடத்துக்கு பின்னாடி ஒரு மேஜை, நாலு நாற்காலி, காலேஜ் படிக்கற வயசுல ஒரு பொண்ணு, லேப்டாப். அந்தப் பொண்ணுக்கு முன்னாடி யாருமே இல்ல. மேல முன்னூறு பேரு "ராஜா" கேட்டுட்டு இருக்காங்க.

விஷயத்த சொன்னேன். ஃபீட திறந்து பாத்துச்சு, முகத்துல ஒரு மாத்தமும் இல்ல, டாக்டர் மாதிரி கேட்டுச்சு: "அண்ணா, சமீபத்துல ஃபங்ஷன்ஸ் ஃபைல்ல ஏதாவது கை வச்சீங்களா?" (தளத்துல நம்ம சொந்த கோட சேக்கற ஃபைல் அது.)

"இல்லம்மா."

"யோசிச்சு சொல்லுங்கண்ணா."

"...பதிவுக்கு கீழ எழுதுனவர் பேரு வர்ற மாதிரி எங்கயோ இருந்து ஒரு துண்டு கோட் எடுத்து ஒட்டினேன். ஆனா அது போன வருஷம்மா."

"ம். அதத் தான் சமீபத்துலன்னு கேட்டேன்."

ஃபைல திறந்துச்சு. கோட் எல்லாம் முடிஞ்சு, பிஎச்பி (வேர்ட்பிரஸ எழுதியிருக்கற கணினி மொழி) முடிஞ்சதுன்னு சொல்ற அந்த மூடுற குறிக்கு கீழ கர்சர வச்சு அம்புக்குறிய தட்டுச்சு, கர்சர் கீழ இறங்குது, இன்னொரு தடவை இறங்குது, இன்னொரு தடவை. ஒண்ணுமே இல்லாத இடத்துல இறங்குது. மூணு காலி வரி. அந்தக் குறிக்கு அடுத்தாப்புல ஒரு வரி மாறினா பிஎச்பி கண்டுக்காதாம், விழுங்கிடுமாம், ஆனா அதுக்கு மேல இருக்கற ஒவ்வொரு காலி வரியும் வெளிய போயி பக்கத்தோட தலையில உக்காந்துக்கும். சாதாரண பக்கம்னா பிரௌசர் பெருந்தன்மையா விட்டுடும், அதனால தளம் பாக்க நல்லாத் தான் இருக்கும். ஆனா எக்ஸ்எம்எல் அப்படி இல்ல, முதல் எழுத்துல இருந்தே அறிவிப்பு ஆரம்பிக்கணும், முன்னாடி ஒரு காலி இடம் இருந்தா கூட உள்ள விடாது. அதனால தான் விவரம் தெரிஞ்சவங்க அந்த மூடுற குறியவே ஃபைல் கடைசியில போடறதில்லையாம். அந்தப் பொண்ணும் குறியையும் சேத்து அழிச்சுட்டு சேவ் பண்ணி, கேஷ (சேமிச்சு வச்சிருக்கற பழைய நகல) காலி பண்ணி, ஃபீட திருப்பி திறந்துச்சு. என் பதிவு எல்லாம் வரிசையா நிக்குது.

பதினோரு மாசம். 23 பதிவு. ஒண்ணு கூட யாருக்கும் போயி சேரல. மெயில்ல சந்தா வாங்குனவங்களுக்கும் போகல, ஏன்னா நான் வச்சிருந்த மெயில் சர்வீஸும் அந்த ஃபீட பாத்து தான் அனுப்பும். நான் என்னடான்னா வாசகன் மாறிட்டான், காலம் மாறிடுச்சு, எழுத்து செத்துடுச்சுன்னு பதினோரு மாசமா தத்துவம் பேசிட்டு இருந்திருக்கேன், அதுல ரெண்டு பதிவே எழுதியிருக்கேன் "எழுத்தின் மரணம்"னு, அதுவும் யாருக்கும் போகல, நல்லதாப் போச்சு. மூணு காலி வரி. ஏழு நிமிஷ வேலை.

அங்கயே நாற்காலிய இழுத்து போட்டு உக்காந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் மேல போகல. கேட்டுட்டு வந்தவங்க பதினஞ்சு பேரு இருப்பாங்க, வழி தெரிஞ்சிருந்தா நூறு பேரு வந்திருப்பாங்க. ஒருத்தருக்கு பூட்டு சின்னம் வரல, முகவரியில பழைய எச்டிடிபி (பாதுகாப்பில்லாத இணைப்பு), லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்புல அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசம்னு தெரியாம வருஷா வருஷம் காசு கட்டிட்டு இருந்திருக்காரு. ஒரு அம்மாவுக்கு பேக்கப்பே கிடையாது, பத்து வருஷ சமையல் குறிப்பு ஒரே இடத்துல, உக்கார வச்சு எக்ஸ்போர்ட் எடுத்து பென்டிரைவ்ல போட்டு கையில குடுத்தாங்க, அந்த அம்மா அத கைப்பையில வைக்காம முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. இன்னொருத்தருக்கு ஸ்பேம் பின்னூட்டம் நாலாயிரம். "அதுல நாலு உண்மையானது இருந்தா?"ன்னு அவரு அழிக்க மனசு வராம உக்காந்திருந்தாரு, அந்த கவலை எனக்கு நல்லாவே புரிஞ்சுது.

ரெண்டாவது நாள் பாதி பார்கேம்ப் பாணி. 2005ல ஆரம்பிச்ச வழக்கம் இது, முன்கூட்டியே நிரல் கிடையாது, சுவத்துல கட்டம் போட்டிருப்பாங்க, யாருக்கு எத பேசணுமோ ஒட்டுத்தாள்ல எழுதி ஒட்டலாம். ரெண்டு கால் விதின்னு ஒண்ணும் உண்டு: இருக்கற இடத்துல உங்களுக்கும் பிரயோஜனம் இல்ல, உங்களாலயும் பிரயோஜனம் இல்லன்னா எழுந்து வேற ரூமுக்கு போயிடலாம், யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. நம்மாளுங்களுக்கு இது வரவே இல்ல. எழுந்து போனா பேசறவரு மனசு கஷ்டப்படும்னு எல்லாரும் உக்காந்தே தூங்கினோம்.

ஆனா இங்க தான் நல்ல கூட்டம் ஒண்ணு அமைஞ்சுது. முதல் நாள் பேரு வெளிய வந்துச்சே, அவங்களே ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தாங்க, "பேர் சொல்லாம எழுதறது"ன்னு. கதவ சாத்திட்டு ஃபோன எல்லாம் கவுத்து வச்சிட்டு முக்கா மணி நேரம் பேசினோம். டொமைன் (தள முகவரி) வாங்கும்போது நம்ம விவரம் வெளிய தெரியாம மறைக்கற வசதிய தேர்ந்தெடுக்கணும், ஃபோட்டோவுக்குள்ள எடுத்த இடம் ஒளிஞ்சிருக்கும் அத நீக்கிட்டு ஏத்தணும், எழுத்து நடையே நம்மள காட்டிக் குடுக்கும் அதுக்கு மருந்து இல்ல, இப்படி. உள்ள பேசின மத்த எதையும் நான் எழுத மாட்டேன்.

அஞ்சு நிமிஷ மின்னல் பேச்சுல ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. இருபது ஸ்லைடு, ஒவ்வொண்ணும் பதினஞ்சு செகண்ட்ல தானா நகரும், நிறுத்த முடியாது. அவரு பாமினி ஃபான்ட்ல (ஆங்கில எழுத்து இருக்கற இடத்துல தமிழ் உருவத்த வச்ச பழைய ஃபான்ட்) அடிச்சு கொண்டு வந்திருக்காரு, மேடை மெஷின்ல அந்த ஃபான்ட் இல்ல, திரை பூரா ஆங்கில எழுத்து, புள்ளி வர வேண்டிய இடத்துலல்லாம் அரைப்புள்ளி. தலைப்பு என்ன தெரியுமா, யூனிகோடுக்கு (எந்த மெஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியற முறை) ஏன் மாறணும். வேணும்னு பண்ணாரா தெரியாம பண்ணாரான்னு இன்னும் பட்டிமன்றம் நடக்குது.

சாப்பாடு நல்லா இருந்துச்சு, வரிசை நீளம். டி-ஷர்ட் எக்ஸ்எல் மட்டும் தான் மிச்சம், எனக்கு நைட்டி மாதிரி இருக்கு. கூடி நின்னு பேசும்போது வட்டத்துல ஒரு ஆள் நுழையற அளவுக்கு இடம் விட்டு நில்லுங்க, பேக்மேன் (வாயத் திறந்த வட்டமா வர்ற பழைய வீடியோ கேம் உருவம்) வாய் மாதிரின்னு தூணுக்கு தூண் போஸ்டர் ஒட்டியிருந்தாங்க, தனியா வந்த எனக்கு அது நிஜமா உதவுச்சு. இவ்வளவு போஸ்டர் அடிச்ச கை, "உதவி மேஜை இந்தப் பக்கம்"னு ஒண்ணு அடிச்சிருக்கலாம்.

போறதுன்னா போங்க. மெயின் ஹால் பேச்ச பின்னாடி வீடியோவுல ஏத்திடறாங்க, ஒன்றரை மடங்கு வேகத்துல பாத்துக்கலாம், அதுக்காக போக வேணாம். லேப்டாப்பும் சார்ஜரும், அட்மின் பாஸ்வேர்டும் எடுத்துட்டு போங்க (மேஜைக்கு வந்ததுல பாதி பேருக்கு பாஸ்வேர்ட் நினைவில்ல), கூடவே ஒரு தடி மார்க்கர். உள்ள போனதும் முதல் கேள்வி "உதவி மேஜை எங்க". இல்லன்னு சொன்னா சாப்பிட்டுட்டு திரும்பிடுங்க. நடத்துறவங்க யாராவது இத படிச்சா, அடுத்த வருஷம் அந்த மேஜைய ஹாலுக்கு வாசல்லயே போடுங்க சாமி, ஒண்ணு இல்ல, நாலு போடுங்க, நானே வந்து உக்காந்து காலி வரி தேடித் தரேன்.

ஊருக்கு வந்து மூணாவது நாள் ஒரு பின்னூட்டம். பழைய வாசகர், ரொம்ப நாளா காணாம போனவரு. "என்னங்க, ஒரே நாள்ல பத்து பதிவு வந்து விழுது, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" ஃபீட்ல கடைசி பத்து தான் நிக்கும், வேர்ட்பிரஸ்ல அது தான் வழக்கமான அளவு. பதில் போட்டேன், 23 எழுதினேங்க, மீதி 13 தளத்துல கிடக்குன்னு. மறுநாள் காலையில பாத்தா அந்தப் பதிமூணுல ஒண்ணுல இருந்து இன்னொரு பின்னூட்டம்: பூச்சி மருந்துக்கு வல்லின 'று' போட்டிருக்கேனாம்.